அறுபதுக்குப் பிறகு தனியே ஒரு நெடுந்தூரக் கடல் கயாக் பயணம்: எப்படி ஆயத்தமாவது?

உங்கள் கேள்வியை இவ்வாறு சுருக்கிக்கொள்கிறேன். வயது 63. இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறுபடகான கயாக்கை ஓட்டத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே நாளில் சென்ற அதிகபட்சத் தொலைவு 15 கிலோமீட்டர். அதுவும் நண்பர்கள் உடனிருக்க. அடுத்த ஆண்டு கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 600 கிலோமீட்டரைத் தனியாகக் கடக்க விரும்புகிறீர்கள். இந்த வயதில் அது நடக்கக்கூடியதா, ஓராண்டில் எவ்வாறு ஆயத்தமாவது என்று கேட்கிறீர்கள். நானும் அறுபதையொட்டிய வயதில்தான் தனிப்பயணங்களைத் தொடங்கினேன் என்பதால், கற்றதையும் பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நடக்கக்கூடியதுதான். போலந்து நாட்டவரான அலெக்சாண்டர் டோபா 2017-இல் அட்லாண்டிக் பெருங்கடலை மூன்றாவது முறையாகக் கயாக்கில் தனியே கடந்து பிரான்சுக் கரையை அடைந்தபோது, அவருடைய 71-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. ஹவாயில் வாழ்ந்த ஆட்ரி சதர்லாந்து தம் அறுபதுகளில் கோடைதோறும் அலாஸ்கா, பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைகளில் காற்றடைத்த சிறு கயாக்கில் தனியாகச் சென்றுவந்தார். ஆனால் டோபாவை நீங்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். அவர் பல பத்தாண்டுகள் துடுப்புப் பிடித்துப் பழகியவர். அவருடைய படகும் உறங்குவதற்கு அறை வைத்துப் பெருங்கடலுக்கென்றே கட்டப்பட்டது. சதர்லாந்தின் வழியே நமக்கு நெருக்கமானது: எளிய படகு, கரையை விட்டு விலகாத பாதை, அவசரமில்லாத நாட்கள்.

அந்த மூன்றாவது அம்சத்தையே முதலில் பேச விரும்புகிறேன். இளம் வயதில் கணக்குத் தப்பினால் உடல் ஈடுகட்டிவிடும். எதிர்பாராத எதிர்க்காற்றில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து, உறங்கி எழுந்து மறுநாளும் புறப்பட்டுவிடலாம். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. சாதாரண வேகத்தில் செல்லும்போது இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. நீரோட்டத்தை எதிர்த்து இருபது நிமிடம் முழுமூச்சாகத் துடுப்புப் போட வேண்டிவரும் அந்த ஒரு வேளையில்தான் தெரியும். ஆகவே உடலில் இருந்த கையிருப்பைத் திட்டத்துக்கு மாற்ற வேண்டும்: நாட்களில், தொலைவில், இறங்கிவிடக்கூடிய இடங்களில்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சுமை ஏற்றிய கடல் கயாக், அமைதியான நீரில் ஏறத்தாழ 3 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் அளவில் செல்லும். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் என்றால் நிகரமாக ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓய்வும் புறப்பாடும் கரையேறலும் சேர்ந்தால் ஏழு மணி நேரம். இந்த அளவில் 600 கிலோமீட்டருக்கு 24 நாட்கள் ஆகும். திறந்த கடலோரத்தில் மூன்று நாளில் ஒரு நாளைக் காற்று எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வது பேராசையற்ற கணக்கு. ஆக 36 நாட்கள். வாரம் ஒரு நாள் உடலுக்கு ஓய்வு தந்தால் 42 நாட்களை நெருங்கிவிடும். உங்களுக்கு 30 நாட்கள்தான் உண்டு என்றால், செய்ய வேண்டியது வேகத்தைக் கூட்டுவதன்று. பயணத்தை 400 கிலோமீட்டராகக் குறைப்பது. எவரையும் முடிவிடத்தில் குறித்த தேதியில் வந்து காத்திருக்கச் சொல்லாதீர்கள். திரும்பும் பயணச்சீட்டையும் முன்பதிவு செய்யாதீர்கள். போகக்கூடாத நாளில் நான் கடலில் இறங்கிய இரண்டு முறையும் அதற்குக் காரணம் கரையில் யாரோ எனக்காகக் காத்திருந்ததுதான்.

அடுத்தது மருத்துவர். “உடற்பயிற்சி செய்யலாமா?” என்று கேட்டால் தாராளமாகச் செய்யலாம் என்றே பதில் வரும். கேள்வியை முழுமையாகக் கேளுங்கள்: தொடர்ந்து பல வாரங்கள், நாள்தோறும் ஐந்து மணி நேரம் தோளாலும் முதுகாலும் உழைப்பேன், எந்நேரமும் குளிர்ந்த நீரில் திடீரென விழ நேரலாம், உதவி வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம், இதற்கு என் இதயம் தாங்குமா? குளிர்நீரில் விழுந்த கணத்தில் மூச்சு தானாக இழுத்து வாங்கும், இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென ஏறும். இதயத்தில் ஏற்கெனவே குறை உள்ளவருக்கு அந்த ஒரு நிமிடமே ஆபத்தாகலாம். நீங்கள் உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தையும் இந்தக் கோணத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் துடிப்பின் உச்சத்தைக் கட்டுப்படுத்துவதால், இதயத்துடிப்பை வைத்து உழைப்பை அளக்கும் கடிகாரம் உங்களுக்குப் பொய் சொல்லும். சிறுநீர் பெருக்கும் மருந்துகள் நீரிழப்பை விரைவுபடுத்தும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குப் பாறையில் சறுக்கிப் படும் காயமும் பெரிய காயமே. மருந்துகளை இரு பங்காகப் பிரித்து, நீர் புகாத இரு பைகளில், படகின் முன்னறையில் ஒன்றும் பின்னறையில் ஒன்றுமாக வையுங்கள். பல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்த்துவிட்டே புறப்படுங்கள். அருகில் உள்ளது மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு, உப்புத்துளி படிந்த கண்ணாடி வழியே வரைபடத்தின் சிற்றெழுத்து தெரியாது. அன்றன்றைய பாதைக்கு வேண்டிய திசைகளையும் நேரங்களையும் விரல் பருமனான எழுத்தில் எழுதிப் படகின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்வது என் வழக்கம்.

நாகரிகம் கருதி எவரும் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏறத் தாக உணர்வு மந்தமாகிறது. அதே வேளையில் சிறுநீர் கழிக்கும் தேவையோ அடிக்கடி எழுகிறது. படகில் அமர்ந்தபடி அதற்கு வழி செய்துகொள்ளாதவர், தம்மை அறியாமலே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். என் முதல் நெடும்பயணத்தின் மூன்றாம் நாள் நான் அதைத்தான் செய்தேன். பிற்பகலில் தலைவலி வந்தது, தொடை பிடித்துக்கொண்டது. அதைவிட மோசமாக, எளிய கூட்டல் ஒன்றில் தவறி, நீரோட்டம் திரும்பும் நேரத்தை ஒரு மணி நேரம் பிந்திக் கணக்கிட்டுவிட்டேன். முனையைச் சுற்ற வேண்டிய இடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலேயே துடுப்புப் போட்டேன். ஆணானாலும் பெண்ணானாலும் படகிலிருந்தபடியே பயன்படுத்தத்தக்க அகன்ற வாய்க் குப்பியும் அதற்கேற்ற உடையும் கொண்டு, கரையோரத்தில் வெட்கமின்றிப் பழகிக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, தாகத்துக்காகக் காத்திராமல் மணிக்கொரு முறை குடியுங்கள்.

உடலைத் தயாரிப்பதற்கு உங்களிடம் ஓராண்டு இருப்பது நல்ல காலம். தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண்களுக்கோ மாதங்கள் வேண்டும், அறுபதைத் தாண்டியவருக்கு இன்னும் கூடுதலாக. மூன்றாம் மாதத்தில் “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று தொலைவை இரட்டிப்பாக்குபவர்களே ஐந்தாம் மாதத்தில் மணிக்கட்டில் கட்டுடன் அமர்ந்திருப்பார்கள். வாரத் தொலைவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்; நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் பாதியாகக் குறையுங்கள். வாரம் இரு முறை எடைப் பயிற்சி செய்யுங்கள்: தரையிலிருந்து எடை தூக்குதல், தன்னை நோக்கி இழுத்தல், இரு கைகளிலும் சுமையுடன் நடத்தல், ரப்பர் பட்டையால் தோள்மூட்டை வெளிப்புறமாகத் திருப்புதல். கடைசியாகச் சொன்னது சலிப்பூட்டும், ஆனால் தோளைக் காப்பது அதுதான். காலை நீட்டித் தரையில் அரைமணி நேரம் முதுகு சாயாமல் அமரப் பழகுங்கள். தொடையின் பின்தசை இறுகியவருக்குக் கயாக்கில் முதலில் இடுப்பும் பிறகு காலும் மரத்துப்போகும்.

துடுப்புப் போடும் முறையை ஒரு நல்ல பயிற்றுநரிடம் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையால் இழுக்காமல் உடற்பகுதியைத் திருப்பியே தள்ள வேண்டும். பிடி, விரல்கள் திறந்து மூடும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். முழங்கை எந்நிலையிலும் தோளுக்கு மேலே எழக்கூடாது. அலையில் சாயும்போது கையை உயரத் தூக்கித் துடுப்பால் தாங்க முயல்வதுதான் தோள் கழன்றுபோவதற்கு வழக்கமான காரணம். துணையின்றி இருப்பவர் கரைக்கு எட்டாத இடத்தில் தோளை இழந்தால் அத்துடன் பயணம் முடிந்தது, சில வேளைகளில் அதற்கு மேலும். என்னைப் போல மூட்டு நோகிறவர்கள் கிரீன்லாந்து வகை ஒடுங்கிய துடுப்பை முயன்று பார்க்கலாம். அது நீரை மெல்லப் பற்றுவதால் ஒவ்வொரு வீச்சிலும் மூட்டில் விழும் அதிர்வு குறைகிறது.

ஒரே நாளில் 40 கிலோமீட்டர் சென்று உங்களையே சோதிக்க வேண்டாம். அது எதையும் நிரூபிக்காது. முழுச்சுமையுடன் மூன்று நாட்கள் தொடர்ந்து, நாளுக்கு 20 கிலோமீட்டர் செல்லுங்கள். மூன்றாம் நாள் காலையில் கூடாரத்திலிருந்து எழும்போது முதுகும் விரல்களும் சொல்வதே உண்மையான அறிக்கை.

படகைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 5 முதல் ஐந்தரை மீட்டர் நீளமும், 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலமும், முன்னும் பின்னும் நீர் புகாத தடுப்பறைகளும் கொண்ட எந்த நல்ல கடல் கயாக்கும் போதும். இளைஞர்கள் விரும்பும் குறுகிய படகைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலமானதைத் தேர்ந்தால் வேகத்தில் இழப்பது சிறிது, மாலையில் மிஞ்சும் தெம்பு பெரிது. அமரும் குழி நீளமாக, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் அளவில் இருந்தால், முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே விடலாம்; முழங்காலுக்கு அது பெரும் சலுகை. சுக்கான் வேண்டுமா என்று தூய்மைவாதிகள் சண்டையிடுவார்கள். பக்கக்காற்றில் நான்கு மணி நேரம் ஒரே பக்கமாகத் திருத்தித் துடுப்புப் போட்ட தோள், அந்த வாதத்தில் சுக்கானின் பக்கமே நிற்கும்.

என் அனுபவத்தில், முதியவருக்குக் கடலைவிடக் கரையே அதிகக் காயம் தருகிறது. 25 கிலோ படகில் 35 கிலோ பொருள் ஏற்றினால் 60 கிலோ. அதை ஈரப்பாறையில் தனியாக இழுப்பதைவிட முதுகுக்குக் கேடு வேறில்லை. சுமையுடன் படகைத் தூக்கவே கூடாது என்பதை விதியாக வையுங்கள். பொருள்களைப் பெரிய திறந்த பைகளில் இரண்டு மூன்று நடைகளாக மேலே கொண்டுசென்று, காலிப் படகைக் கடைசியாக நகர்த்துங்கள். கழற்றி மடிக்கத்தக்க சக்கரமோ, மணலில் உருட்டக் காற்றடைத்த உருளைகள் இரண்டோ எடுத்துச் செல்லுங்கள். நீர் வெகுதூரம் வற்றும் கரைகளில், வற்றிய நேரத்தில் கரையேறினால் இருநூறு மீட்டர் சேற்றைக் கடக்க வேண்டிவரும். ஆகவே அன்றைய புறப்பாட்டையும் கரையேறலையும் நீர் ஏறிநிற்கும் நேரத்தை ஒட்டி அமைப்பதை ஒரு கலையாகவே பழகுங்கள்.

இப்போது கவிழ்வதைப் பற்றி. தனியாகச் செல்பவருக்கு இதில் ஒரே அளவுகோல்தான் உண்டு: பிறர் உதவியின்றி, களைத்த நிலையில், சுமையுள்ள படகில், அலைக்கு நடுவே மறுபடி ஏறி அமர முடிய வேண்டும். உருண்டு எழும் ரோல் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அமைதியான நீரில் பத்துக்குப் பத்து எழுகிறவர், உண்மையில் கவிழ்க்கும் அலையில் எழத் தவறுவது சாதாரணமாக நடப்பது. எனவே துடுப்பு முனையில் மிதவையைச் செருகி ஏறும் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். கையூன்றி மேலெழும் வலு குறைந்தவர்கள் ஒரு நாடாவளையத்தைக் காலுக்குப் படியாகக் கட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் ஏறுகிறேன். என் சோதனை இது: 15 நாட் அளவுக் காற்றில், நண்பர் ஒருவர் அருகில் காவலிருக்க, இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்ட பிறகு ஐந்து முறை கவிழ்ந்து ஐந்து முறையும் ஏறி, நீரை இறைத்து, நகரத் தொடங்க வேண்டும். நான்கு முறை முடிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது.

குளிர்நீரைக் குறித்து, கனடாவைச் சேர்ந்த உடலியங்கியல் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற நினைவுக் குறிப்பு உண்டு. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால்கள் பயனுள்ளபடி இயங்குவது ஏறத்தாழப் பத்து நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். வயதேறியவரின் உடல் நடுங்கி வெப்பம் உண்டாக்குவதிலும் தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்குவதிலும் பின்தங்கும் என்பதால், இவற்றை உங்களுக்கான சலுகைக் காலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும் நீரின் வெப்பநிலைக்கு ஏற்பவே உடுத்துங்கள். நீர் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால், உள்ளே நீர் புகாத முழுஉடையான டிரை சூட் இன்றி நான் தனியாக இறங்குவதில்லை. கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். ஆளில்லாத படகைக் காற்று நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோகும்.

அதனாலேயே உதவி கோரும் கருவிகள் படகில் அன்று, உங்கள் உயிர்காப்பு மேற்சட்டையில் இருக்க வேண்டும். கையடக்க வி.எச்.எஃப். வானொலியில் 16-ஆம் அலைவரிசை உலகெங்கும் அவசர அழைப்புக்குரியது. ஆனால் அது நேர்க்கோட்டில் செல்வது. நீர்மட்டத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் குரல் சில கடல் மைல்களுக்குள்ளேயே தேய்ந்துவிடும், குறுக்கே முனை ஒன்று இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் அவசரச் சைகை அனுப்பும் பி.எல்.பி. என்ற கையடக்கக் கருவி ஒன்று கட்டாயம். இயக்கிய பின் குறைந்தது 24 மணி நேரம் அது சைகை அனுப்பும். அதை உங்கள் பெயரில் பதிவு செய்து, பயண விவரத்தையும் படகின் நிறத்தையும் தொடர்பு எண்ணையும் புதுப்பித்து வையுங்கள். நாள்தோறும் செய்தி அனுப்ப இருவழிச் செயற்கைக்கோள் கருவி வசதியானது, ஆயினும் பி.எல்.பி.க்கு மாற்று அன்று. கரையில் நிதானமான ஒருவரைத் தேர்ந்து எழுத்திலேயே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: மாலைச் செய்தி வராவிட்டால் பதற வேண்டாம், மறுநாள் நண்பகல் வரை வராவிட்டால் மீட்பு நிலையத்தை அழைக்க வேண்டும். இந்த இரு வரிகள் இல்லாததால் வீட்டில் ஓர் இரவு முழுவதும் அழுகையும் கடலில் வீண் தேடலும் நடந்ததை நான் அறிவேன்.

காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய அறிவை ஒரு பதிலில் தந்துவிட முடியாது. இருந்தாலும் தனியாளுக்கான என் வரம்புகளைச் சொல்கிறேன். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 4, அதாவது 11 முதல் 16 நாட் என்று முன்னறிவிப்பு சொன்னால் அதுவே உச்சவரம்பு. அதுவும் காற்று முதுகுப்புறமோ கரையை நோக்கியோ இருந்தால் மட்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று மிக நயவஞ்சகமானது. குன்றின் மறைவில் நீர் கண்ணாடிபோல் இருக்கும். இருநூறு மீட்டர் வெளியே சென்ற பிறகுதான் திரும்ப முடியவில்லை என்பது புரியும். நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கடலில், ஏறத்தாழ ஆறு மணி நேர ஏற்றத்தின் மூன்றாம், நான்காம் மணிகளில்தான் பாதியளவு நீர் ஏறுகிறது. பொதுவாக ஓட்டமும் அப்போதே கடுமையாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது இன்னும் வலுக்கும். ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசும்போது அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். முனைகளை அந்நேரத்தில் சுற்றக்கூடாது. வரைபடத்தில் 8 அல்லது 10 கிலோமீட்டருக்கு ஓர் இறங்குமிடம் குறியுங்கள். இறங்கவே இடமில்லாத 20 கிலோமீட்டர் நீட்சி எங்கே வருகிறது என்பதைத் தனி நிறத்தில் காட்டுங்கள். அதற்கு முந்தைய கரையில் நான்கு நாள் காத்திருக்கவும் உணவும் மனமும் இருக்கட்டும்.

மனம் என்றேன், தனிமையைக் குறித்துப் பலர் அஞ்சுவார்கள். எனக்குத் தனிமை மாலைநேரத்துச் சிறு உறுத்தலாகவே இருந்தது. சோர்வு தந்தது முடிவெடுப்பதுதான்: போகலாமா, நிற்கலாமா, இந்தக் கரையா, அடுத்ததா என்று எதிர்ச்சொல் சொல்ல ஆளின்றி நாளெல்லாம் தீர்மானித்துக்கொண்டே இருப்பது. எனவே காற்று வரம்பு, திரும்பும் நேரம், அதிகபட்சத் தொலைவு ஆகியவற்றை வீட்டில் தெளிந்த தலையோடு இருக்கும்போதே எழுதி எடுத்துச் செல்லுங்கள். கரையில் நிற்கும்போது அவற்றைத் தளர்த்தலாகாது, இறுக்கலாம்.

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, அதே படகு, அதே சுமை, அதே மருந்து, அதே உணவுடன் பத்து நாள் ஒத்திகை செய்யுங்கள். அதற்கும் முன்பாக, இந்த மாதத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. நண்பர் அருகிலிருக்க, நெஞ்சளவு நீரில், படகின் இரு அறைகளிலும் தண்ணீர்க் குப்பிகளை நிரப்பிச் சுமையேற்றி, தரையில் கால் ஊன்றாமல் கவிழ்ந்து ஏறிப் பாருங்கள். முதல் முறை எத்தனை நிமிடம், மூன்றாம் முறை எத்தனை நிமிடம் என்று குறித்து எனக்குத் தெரிவியுங்கள். அந்த இரு எண்களைப் பார்த்த பிறகே 600 கிலோமீட்டரா, 400 கிலோமீட்டரா, அடுத்த ஆண்டா, அதற்கடுத்த ஆண்டா என்று என்னால் பேச முடியும்.